பூமலையில் ஒரு பகல்



வரலாறு என்றவுடன் அரண்மனைகளும் கோட்டைகளும் போர்க்களங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு புல்வெளிக்கும் ஒரு சிறு காட்டுக்கும் வரலாறு உண்டா? உண்டு. அதிலும், நம் குடும்பங்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் ஒரு பூங்கா சிங்கப்பூரில் இருக்கிறது. தாவரவியல் பூங்கா என்பது அதன் முறையான பெயர். நம் மக்கள் நெடுநாளாக அதைப் பூமலை என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பூமலையில் நாங்கள் ஒரு பகல் கழித்த கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு பள்ளி விடுமுறையின்போது, ஜொகூரில் ஒரு தோட்டத்திலிருந்து பேருந்து ஒன்று அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். பால்வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர்கள், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இளைஞர்கள், பள்ளிப் பிள்ளைகள் எனப் பல வயதினரும் அதில் இருந்தோம். கட்டுச்சோறும் கையுமாகப் பாலத்தைக் கடந்து, வெயில் ஏறுவதற்கு முன்பே பூங்காவின் வாசலை அடைந்துவிட்டோம். உள்ளே செல்லக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் மலர்த் தோட்டத்துக்கு மட்டுமே சீட்டு வாங்க வேண்டும்.

பூங்காவின் பரப்பு 82 ஹெக்டர். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 200 ஏக்கர். "ஒரு சின்ன டிவிஷன் அளவு இருக்கும்" என்றார் எங்களோடு வந்த பழைய கங்காணி ஒருவர். ஆனால் தோட்டத்தில் மரங்கள் நிரை பிடித்து நிற்கும். இங்கே அப்படி இல்லை. பரந்த புல்வெளி, அதைச் சுற்றி வளைந்து செல்லும் பாதை, ஒரு ஏரி, அங்கங்கே மரக்கூட்டம். பார்த்தால் எல்லாம் தாமாகவே அமைந்தவை போல் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் திட்டமிட்டு அமைக்கப்பட்டதுதான்.

இந்தப் பூங்காவுக்கு முன்னோடி ஒன்று உண்டு. 1822ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் இன்றைய ஃபோர்ட் கன்னிங் குன்றில் ஒரு சோதனைத் தோட்டம் தொடங்கினார். சாதிக்காய், கிராம்பு போன்ற பணப்பயிர்கள் இந்த மண்ணில் விளையுமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். 1829இல் அது மூடப்பட்டது. அதன் பிறகு 1859இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று தங்ளின் பகுதியில் இப்போதைய பூங்காவைத் தொடங்கியது. வாம்போவா என்று அழைக்கப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கேயிடமிருந்து நிலம் கிடைத்தது. 1860இல் பொறுப்பேற்ற லாரன்ஸ் நிவன் பாதைகளையும் புல்வெளிகளையும் வகுத்தார். அன்னங்கள் நீந்தும் ஏரி 1866இல் வெட்டப்பட்டது. சங்கத்தால் கடன் சுமையைத் தாங்க முடியவில்லை. 1874இல் பூங்கா அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

முதலில் நாங்கள் போனது காட்டுக்குள். ஆம், பூங்காவின் நடுவே ஏறத்தாழ 6 ஹெக்டர் பரப்பில் இயற்கையான மழைக்காடு ஒன்று இன்னும் இருக்கிறது. பூங்கா உருவாவதற்கு முன்பிருந்தே இருக்கும் காடு அது. சிங்கப்பூர்த் தீவு முழுவதும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. பிறகு மிளகுக்காகவும் கேம்பியருக்காகவும் சாதிக்காய்க்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. தப்பிப் பிழைத்தது இந்தத் துண்டு. உள்ளே நுழைந்ததும் வெயில் மறைந்து குளிர்ச்சி வந்தது. பிரம்புக் கொடிகளையும் வானளாவிய ஜெலுத்தோங் மரத்தையும் கண்டோம். ஜெலுத்தோங்கும் பால் வடிக்கும் மரம்தான். அதன் பாலை மெல்லும் மிட்டாய் செய்யப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

காட்டை விட்டு வெளியே வந்தால் புல்வெளியில் ஒரு தெம்புசு மரம். அதன் தாழ்ந்த கிளை ஒன்று தரைக்கு இணையாக நீண்டு கிடக்கிறது. சிங்கப்பூரின் ஐந்து வெள்ளித் தாளில் இந்த மரத்தின் படத்தை அச்சிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டதும் பெரியவர்களிடம் ஐந்து வெள்ளித் தாளை வாங்கி, மரத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

ஆனால் நாங்கள் தேடி வந்த மரம் வேறு. சிறிது தூரம் நடந்ததும் அதைக் கண்டோம். கூட வந்த ஒரு சிறுமி, "பாட்டி, இது என்ன மரம்?" என்று கேட்டாள். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதுதாண்டி நம்ம பால்மரம். இதை வெட்டித்தான் உங்கப்பாவை வளர்த்தேன்" என்றார். பட்டையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுமேலே கத்தியே படலே போலிருக்கே" என்று சொல்லிச் சிரித்தார்.

நேயர்களே, அந்தச் சிறுமி ரப்பர் மரத்தை அறியாதது அவள் குற்றம் அன்று. அவள் பிறந்தபோது அவர்கள் தோட்டம் முழுவதும் செம்பனையாகிவிட்டது. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கான முழு விடையும் இந்தப் பூங்காவில்தான் இருக்கிறது. அந்தக் கதையைச் சற்றுக் கேளுங்கள்.

ரப்பர் மரத்தின் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அங்கே அது நிரையாக வளர்வதில்லை. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே வெகுதூரம் இருக்கும். அங்குள்ளவர்கள் சிறு கோடரியால் பட்டையைக் கொத்திப் பால் எடுத்தார்கள். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டி, கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். ஆயிரம் விதைக்குப் பத்து பவுன் என்று அவருக்குக் கூலி பேசப்பட்டிருந்தது. அதைத் திருட்டு என்று சொல்வோரும் உண்டு. அந்நாளில் அதைத் தடுக்கும் சட்டம் இல்லை என்று சொல்வோரும் உண்டு.

விதைகள் லண்டனுக்கு அருகே உள்ள கியூ பூங்காவின் கண்ணாடி வீடுகளில் விதைக்கப்பட்டன. ரப்பர் விதைக்கு ஆயுள் குறைவு என்பதை நாம் அறிவோம். எழுபதாயிரத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. சிங்கப்பூருக்கு முதலில் அனுப்பிய கன்றுகள் பிழைக்கவில்லை. 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றில் சில இந்தப் பூங்காவில் ஊன்றப்பட்டன. ஒன்பது கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்குச் சென்றன. அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் அவை நடப்பட்டன. அந்தத் தொடக்க காலத்து மரம் ஒன்றைக் கோலகங்சாரில் இன்றும் வேலியிட்டுப் பாதுகாத்து வருகிறார்கள். பூமலையில் அன்று நட்ட மரங்கள் இன்று இல்லை.

இருபத்திரண்டு கன்றுகள்! ஒரு நாற்றங்காலின் மூலையில் அடங்கிவிடும் எண்ணிக்கை. அந்தச் சிறு தொடக்கத்திலிருந்துதான் தீபகற்பம் முழுவதும் ரப்பர் பரவியது. ஆனால் உடனே பரவவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த மரத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அன்றைய தோட்ட முதலாளிகளின் கண் காப்பியின் மேல் இருந்தது.

1888ஆம் ஆண்டில் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்பவர் பூங்காவின் இயக்குநராக வந்தார். அவர் ரப்பர் மரத்தின் மேல் தீராத நம்பிக்கை வைத்திருந்தார். தோட்ட முதலாளிகளைச் சந்திக்கும்போதெல்லாம் விதைகளைக் கொடுத்து நடச் சொல்வாராம். இதனால் பைத்தியக்கார ரிட்லி என்ற பட்டப்பெயரும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவருடைய பெரிய பணி விதை கொடுத்தது மட்டும் அன்று. மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பது எப்படி என்பதற்கு வழி கண்டதுதான்.

பால்வெட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். ரப்பர் பால் கட்டைக்குள் இல்லை. பட்டையின் உட்பகுதியில் உள்ள மிக நுண்ணிய குழல்களில் அது இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல், புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கோடரியால் கொத்தினால் அந்தப் படலம் காயப்படும்; மரம் முண்டும் முடிச்சுமாகிப் பிறகு வெட்டவே முடியாமல் போகும். ரிட்லி பூங்கா மரங்களில் பலவாறு சோதித்துப் பார்த்தார். முதலில் போட்ட கோட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்தால், உறைந்த பால் அடைப்பு நீங்கி மீண்டும் பால் வருவதைக் கண்டார். அடுத்தடுத்து வெட்டும்போது பாலின் அளவு கூடுவதையும் கண்டார். நடுவில் ஒரு வாய்க்கால், இரு பக்கமும் சாய்ந்த கோடுகள் என மீன்முள்ளைப் போன்ற வெட்டுமுறையை 1890களில் வகுத்தார். பின்னாளில் அது மாறி, மரத்தின் பாதிச் சுற்றில் ஒரே சாய்ந்த கோடு என்ற முறை வந்தது. பால்குழல்கள் பட்டையில் நேர்க்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த கோடு அதிகக் குழல்களைத் திறக்கிறது. விடியற்காலையில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. குழல்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் அந்த அழுத்தம் குறைந்துவிடும்.

இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டி, கொசுக்கடியோடு நிரைக்குப் போன நம் தாய்மார்களின் விடியற்காலைகளுக்குப் பின்னால் இந்த அறிவியல் இருந்தது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கட்டையில் காயம் படாமல், தேவைக்கு மேல் பட்டை போகாமல், ஒரே சாய்வில், நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டுவது எந்த நூலையும் படித்து வருவது அன்று. அது கைக்கு வந்த கலை. முறையை வகுத்தவர் ஒருவர். அதை இலட்சக்கணக்கான மரங்களில் நாள்தோறும் நடத்திக் காட்டியவர்கள் நம்மவர்களும் மற்ற இனத் தொழிலாளர்களும்.

1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்ற சீனப் பெருநிலக்காரர் ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். அந்த ஆண்டுகளில் காப்பியின் விலை சரிந்தது. அதே வேளையில் மேலைநாடுகளில் காற்றடைத்த சக்கரமும் மோட்டார் வண்டியும் பெருகின. ரப்பருக்கு வந்தது யோகம். விதை வேண்டும் என்று எல்லாரும் பூமலையைத் தேடி வந்தார்கள். 1917ஆம் ஆண்டுக்குள் பூங்காவிலிருந்து வெளியேறிய விதைகள் 70 இலட்சத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறது. ரிட்லி தம் நம்பிக்கை பலித்ததைக் கண்டு, நூறு வயதைக் கடந்து 1956இல் மறைந்தார்.

பிரேசிலிலேயே பெருந்தோட்டம் போட்டிருக்கலாமே என்று எங்கள் இளைஞர் ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்க மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசானில் தோட்டமும் ஊரும் அமைத்தார். அங்கே மரங்களை நெருக்கி நட்டதும் இலைக்கருகல் நோய் ஒன்று மரத்துக்கு மரம் தாவிப் பரவியது. 1945இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. கடல் கடந்து வந்த விதைகளோடு அந்த நோய் இங்கே வரவில்லை. நம் நாட்டு ரப்பர் செழித்ததற்கு அதுவும் ஒரு பெருங்காரணம்.

விதை கிடைத்தது, நிலம் கிடைத்தது, வெட்டும் முறையும் கிடைத்தது. காட்டை அழிக்கவும் கன்று நடவும் பால் வெட்டவும் கைகள் வேண்டுமே? அந்தக் கைகளைத் தமிழகத்தில் தேடினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குப் போய் உற்றார் உறவினரைத் திரட்டி வந்தார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டு, முதலாளிகள் கட்டிய பணத்திலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, தனிமை முகாமில் நாள் கழித்து, பெயர் தெரியாத தோட்டங்களுக்குப் போனார்கள் நம் முன்னோர்கள். 1938இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இங்கே வருவதைத் தடை செய்யும்வரை அந்த ஓட்டம் நீடித்தது. நினைத்துப் பாருங்கள்: 1877இல் ஊன்றிய சில கன்றுகள் பிழைக்காமல் போயிருந்தால், நாம் இன்று எந்த ஊரில் என்ன வேலை செய்துகொண்டிருப்போம்?

செம்பனைக் குடும்பங்களுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த செம்பனை 1870களில் அலங்கார மரமாகவே இந்தப் பக்கம் வந்தது. அழகுக்கு வைத்த மரம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிகப் பயிரானது. இன்று ரப்பரின் இடத்தைப் பெரும்பாலும் அதுவே பிடித்துக்கொண்டது.

பிற்பகலில் நாங்கள் ஒரு செங்கல் படிக்கட்டின் அருகே நின்றோம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஆஸ்திரேலியப் போர்க் கைதிகள் கட்டிய படிகள் அவை. அந்தச் செங்கற்களில் சிலவற்றில் அம்புக்குறி பதிந்திருக்கிறது. தாங்கள் கைதிகள் என்பதைக் காட்டவும் தங்கள் எதிர்ப்பைத் தெரிவிக்கவும் அவர்கள் பதித்த அடையாளம் அது. அந்தக் குறிகளைப் பார்த்தபோது எங்களில் பெரியவர்கள் மௌனமானார்கள். அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். 1943இல் பாதை முடிந்தது. போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. அங்கே மாண்ட போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. ஒரு செங்கல்லில் ஒரு குறி வைக்கவும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

கடைசியாக ஹோல்ட்டம் மண்டபத்தில் உள்ள சிறு அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1921இல் கட்டப்பட்ட மாளிகை அது. பூங்காவின் கதையும் ரப்பரின் கதையும் அங்கே படங்களாகவும் பொருள்களாகவும் வைக்கப்பட்டுள்ளன. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்தப் பூங்காவை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் சிறப்பு அது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நாங்கள் அங்கே படித்த பெயர்கள் பெரும்பாலும் இயக்குநர்கள், அறிஞர்கள், முதலாளிகள் ஆகியோரின் பெயர்களே. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதி வைக்கப்பட்ட பெயர்தான் பலகையில் ஏறும். எழுதி வைக்காத பெயர் எங்கே ஏறும்?

திரும்பி வரும் வழியில் அந்தப் பாட்டி பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எத்தனை வயதில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போனார், ஒட்டுப்பால் பொறுக்கிய காசில் முதலில் என்ன வாங்கினார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சிறுமி பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள். பேருந்து குலுங்கியதில் எழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

நேயர்களே, தோட்டங்கள் ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. லயங்கள் இடிபடுகின்றன. கோயிலும் பள்ளியும் இடம் பெயர்கின்றன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் வீடுகள் எழும்புகின்றன. இவற்றையெல்லாம் நாம் தடுத்துவிட முடியாது. ஆனால் நம் கையில் இருக்கும் மூன்று காரியங்களைச் செய்யலாம். வாய்ப்புக் கிடைக்கும்போது பிள்ளைகளைப் பூமலைக்கோ கோலகங்சார் மரத்தடிக்கோ அழைத்துச் சென்று, நம் கதை தொடங்கிய இடத்தைக் காட்டலாம். வீட்டில் பழைய பால்வெட்டுக் கத்தி கிடந்தால் பழைய இரும்புக்காரனிடம் போடாமல் துடைத்து எடுத்து வைக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் ஊர், கப்பல், வந்த ஆண்டு, தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். இன்றிரவே அந்த நோட்டைத் தொடங்குங்கள். பெரியவர்கள் என்றைக்கும் நம்மோடு இருக்கப்போவதில்லை.